பெற்றோர் குழு, நியூ ஜெர்சி: நேஷனல் ஹிஸ்டரி டேக்குப் பிள்ளைங்களை அனுப்புவோம்

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். நேஷனல் ஹிஸ்டரி டே போட்டிக்குப் பள்ளியில பேர் கேக்குறாங்க. 6ஆம் கிரேடுலேர்ந்து 12 வரைக்கும் சேரலாம். கணக்குப் போட்டி, ரோபோட்டிக்ஸ்னா குழுவுல நிறைய மெசேஜ் வருது. இதுக்கு இன்னும் ஒருத்தரும் பேர் குடுக்கல. பிள்ளைங்ககிட்ட பேசிப் பாருங்க, ரொம்ப நல்ல போட்டி.

பாபு: க்விஸ் மாதிரியா அக்கா? தேதியெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா? பொண்ணு 7ஆவது.

செல்வி: மனப்பாடத்துக்கு இதுல வேலையே இல்ல பாபு. பிள்ளையே ஒரு தலைப்பு எடுத்து, அந்தக் காலத்து ஆவணங்களைத் தேடிப் படிச்சு, ‘இது ஏன் நடந்துச்சு, அதனால என்ன மாறுச்சு’ன்னு சொந்தமா வாதாடணும். 1974ல கிளீவ்லேண்ட்ல சின்னதா ஆரம்பிச்சது. இப்ப மண்டலம், மாநிலம், அதுக்கப்புறம் ஜூன்ல மேரிலாந்து பல்கலைக்கழகத்துல தேசியப் போட்டி. மாநிலத்துல ஒவ்வொரு பிரிவுலயும் முதல் ரெண்டு இடம் அங்க போகும்.

ரகு அண்ணா: பிரிவு அஞ்சு. கட்டுரை, கண்காட்சி (பலகையில படமும் எழுத்தும் ஒட்டி வைக்கிறது), ஆவணப்படம், நடிப்பு, வெப்சைட். கட்டுரை தனியாத்தான் எழுதணும், 1,500லேர்ந்து 2,500 சொல். மத்த நாலையும் தனியாவும் செய்யலாம், 2லேர்ந்து 5 பேர் சேர்ந்தும் செய்யலாம். படமும் நடிப்பும் 10 நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. வெப்சைட்டுக்கு 1,200 சொல். கண்காட்சிக்குப் பிள்ளை எழுதுற சொல் மொத்தமே 500தான். இங்கதான் நிறையப் பேர் மாட்டுறாங்க. படத்துக்குக் கீழ எழுதுற விளக்கமும் அந்த 500ல சேரும். ஆவணத்துலேர்ந்து எடுத்த மேற்கோள் சேராது. அதனால பலகையில ஆவணமே பேசணும், பிள்ளை அதுக்கு நடுவுல சுருக்கமா வாதத்தை மட்டும் வைக்கணும்.

லதா: பையனுக்குக் குழுவா செய்ய ஆசை. 5 பேர் இருக்காங்க.

ரகு அண்ணா: விதி இடம் குடுக்குது லதா. ஆனா 5 வேண்டாம், 2 இல்ல 3 போதும். மண்டலப் போட்டி பொதுவா பிப்ரவரி, மார்ச் வாக்குல வரும். ஜனவரியில 5 வீட்டுப் பிள்ளைங்க ஒரே சனிக்கிழமை சேர்றது நடக்காது. கடைசியில ஒருத்தன் தலையில எல்லா வேலையும் விழும். நடுவர் கேள்வி கேக்கும்போது யார் படிச்சாங்க, யார் படிக்கலைன்னு உடனே தெரிஞ்சிடும்.

பாபு: தலைப்பு நாமளே எடுக்கலாமா? காந்தி, மார்ட்டின் லூதர் கிங் மாதிரி?

செல்வி: வருஷத்துக்கு ஒரு கருப்பொருள் உண்டு, தலைப்பு அதுல பொருந்தணும். 2026க்கு ‘புரட்சி, எதிர்வினை, சீர்திருத்தம்’. காந்தி எடுக்கலாம், ஆனா முழு காந்தியும் 500 சொல்லுல அடங்குவாரா? தலைப்பு பெருசா இருந்தா விக்கிபீடியா சுருக்கம் மாதிரிதான் முடியும். ஒரு சட்டம், ஒரு வழக்கு, ஒரு வேலைநிறுத்தம்னு குறுக்கணும். இங்க பக்கத்துலயே இருக்கே: 1913 பேட்டர்சன் பட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஆரஞ்சு ஊர்ல கடிகார முகத்துல ரேடியம் சாயம் பூசின பெண்கள். தூரிகை நுனியை உதட்டுல வச்சுக் கூராக்கச் சொன்னாங்க, அதுலயே நோய் வந்துச்சு. அந்தப் பெண்கள் கம்பெனி மேல போட்ட வழக்கு 1928ல சமரசத்துல முடிஞ்சது.

ரகு அண்ணா: நம்ம பிள்ளைங்களுக்கு நான் ஒண்ணு சொல்வேன், பகத் சிங் திண்ட் வழக்கு. முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்த பஞ்சாபி சீக்கியர். அன்னைக்குச் சட்டப்படி வெள்ளையரும் ஆப்பிரிக்க வம்சாவளியும்தான் குடியுரிமை கேக்க முடியும். 1922 நவம்பர்ல ஒசாவாங்கிற ஜப்பானியர் வழக்குல உச்ச நீதிமன்றம், ‘வெள்ளையர்னா காகேசிய இனம்’னு சொல்லி அவருக்கு மறுத்துச்சு. காகேசிய இனம்னா, ஐரோப்பியரோட வட இந்தியரையும் சேர்த்து அன்னைய இனவியல் வச்ச பேரு. அடுத்து திண்ட், ‘நான் காகேசிய இனம்தான்’னு வந்து நின்னார். 1923 பிப்ரவரி 19ல அதே நீதிபதி சதர்லேண்ட், ‘இனவியல் சொல்றது முக்கியமில்ல, சாதாரண மனுஷன் யாரை வெள்ளையர்னு நினைக்கிறானோ அதுதான்’னு எழுதி அவருக்கும் மறுத்தார். ரெண்டு தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கச் சொல்லுங்க. வாதம் பிள்ளைக்குத் தானா கிடைக்கும்.

லதா: இது தெரியவே தெரியாதுண்ணா 😮 அப்புறம் என்னாச்சு?

ரகு அண்ணா: ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர் பலருக்கு அதைப் பறிச்சாங்க. 1935ல படைவீரர்களுக்குன்னு ஒரு சட்டம் வந்து, அதுல திண்ட் 1936ல குடியுரிமை வாங்கினார். 1946 லூஸ்-செல்லர் சட்டத்துல இந்தியர் எல்லாருக்கும் அந்த உரிமை வந்துச்சு, ஆனா வருஷத்துக்கு 100 பேர்தான் குடியேறலாம்னு அளவு. 1965 குடியேற்றச் சட்டம்தான் கதவைத் திறந்துச்சு. எதிர்வினையும் சீர்திருத்தமும் இதுலயே இருக்கு பாருங்க.

செல்வி: இதுல இன்னொண்ணு முக்கியம். திண்ட் தரப்பு வாதத்துல உயர்சாதிப் பெருமையும் இருக்கு. கீழ்ச்சாதியோட கலக்காதவங்கன்னு சொல்லித்தான் வெள்ளையர் பட்டியல்ல இடம் கேட்டாங்க. நம்ம ஆளாச்சேன்னு பிள்ளை இதை மறைக்கக் கூடாது. பல கோணத்துல பார்த்திருக்காங்களான்னு நடுவர் தேடுவாங்க. போட்டிக்காகன்னு இல்ல, அது நேர்மை.

பாபு: ஆவணமெல்லாம் எங்க கிடைக்கும்?

செல்வி: தீர்ப்புகள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல இலவசம். பழைய செய்தித்தாளுக்கு அவங்களோட ‘க்ரானிக்கிளிங் அமெரிக்கா’. தெற்காசியர் கடிதம், புகைப்படத்துக்கு சாடா ஆவணக் காப்பகம், அதுவும் இலவசம். தேடும்போது அந்தக் காலத்துச் சொல்லைப் போடணும். ‘இந்தியன்’னு தேடினா பூர்வகுடிச் செய்திதான் குவியும். அப்ப இந்தியர் எல்லாரையும் ‘ஹிந்து’ன்னுதான் பத்திரிகையில போட்டாங்க, சீக்கியரையும் சேர்த்து.

லதா: தாத்தா, பாட்டியைப் பேட்டி எடுக்கலாமா?

செல்வி: தாராளமா. நேர்ல பார்த்தவங்க, வாழ்ந்தவங்க பேட்டி முதன்மை ஆதாரம். பேராசிரியரைப் பேட்டி எடுத்தா அது இரண்டாம் நிலை ஆதாரம், இதை மாத்திப் போட்டுடுறாங்க. எல்லாப் பிரிவுக்கும் விளக்கக் குறிப்போட ஆதாரப் பட்டியல் வேணும். ஒவ்வொரு ஆதாரத்துக்குக் கீழயும் ரெண்டு மூணு வரி, இது என் வாதத்துக்கு எப்படி உதவிச்சுன்னு. படிச்ச அன்னைக்கே எழுதணும். கடைசி ராத்திரி உக்காந்தா எந்த வரி எங்க படிச்சதுன்னே தெரியாது. கட்டுரை தவிர மத்த நாலுக்கும் 500 சொல்லுல செய்முறைக் குறிப்பும் உண்டு, தலைப்பை எப்படி எடுத்தோம், எப்படி ஆராய்ஞ்சோம்னு.

ரகு அண்ணா: மதிப்பெண்ல 80 விழுக்காடு வரலாற்றுத் தரத்துக்கு, 20தான் வழங்குற தெளிவுக்கு. பலகைக்கு விளக்கு, வெல்வெட் துணின்னு நாம கடைக்கு ஓடத் தேவையில்ல. அட்டையைக் கத்தியால வெட்டித் தரலாம், அது விதியில உண்டு. எழுதித் தரக் கூடாது.

பாபு: சரி அண்ணா. பொண்ணு பேரைப் போட்டுக்குங்க. தலைப்பு ரேடியம் பெண்கள்னு சொல்றா.

செல்வி: 👍 சனிக்கிழமை காலை 10 மணி, நூலகக் கூட்ட அறை. ஒவ்வொரு பிள்ளையும் ரெண்டு தலைப்பும், ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு கேள்வியும் எழுதிட்டு வரட்டும். ‘ஏன்’, ‘எப்படி’ன்னு கேக்குற கேள்வியா இருக்கணும். லேப்டாப், சார்ஜர் மறக்காதீங்க. இந்த வருஷ விதிப் புத்தகத்தை அச்சடிச்சு நான் கொண்டு வரேன்.