பனிக்காலம் முடிந்தது, ஸ்நோ புளோவரை எப்படி எடுத்துவைப்பது?

ஏஜக்ஸ்வாசி:
வணக்கம். போன வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் இங்கே கனடாவில் 24 அங்குல ஸ்நோ புளோவர் (பனியை அள்ளி வீசும் இயந்திரம்) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். முதற்குளிர்காலம் நன்றாக வேலை செய்தது. சித்திரையில் கராஜ் மூலையில் தள்ளிவிட்டு மறந்துபோனேன். இந்த மார்கழியில் முதற்பெரும்பனி விழுந்த காலை, தோள்மூட்டு கழலும்வரை கயிற்றை இழுத்தும் உயிர் வரவில்லை. அதற்குள் நகரசபை வண்டி வீதிப் பனியைத் தள்ளிக்கொண்டு போய், எங்கள் வாசலில் முழங்காலளவு பனிவரம்பு கட்டிவிட்டது. காபுரேட்டரைத் துப்புரவாக்கிய மெக்கானிக் 160 டொலர் வாங்கினார். பெற்றோலை உள்ளேயே விட்டுவைத்ததுதான் பிழை என்றார். இந்த முறை என்ன செய்ய வேண்டும்? கராஜில் இடமில்லை, வெளியே வைக்கலாமா?

ஸ்காபுரோ கிழவன்:
தம்பி, மெக்கானிக் சொன்னது சரி. இங்கே பம்பில் வருகிற சாதாரணப் பெற்றோலில் பத்து விழுக்காடு அளவுக்கு எதனோல் என்ற மதுசாரம் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பெற்றோலும் சில மாதங்களில் காய்ந்து, காபுரேட்டரின் ஊசித்துவாரத்தில் பலாப்பால் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் மூச்செழுப்பி, மண்ணெண்ணெயில் தண்ணீர்ப் பம்பு ஓட்டியவன் நான். வாரத்துக்கு ஒருமுறை காபுரேட்டரைக் கழற்றி ஊதியிருக்கிறேன். ஆகவே கேள்.

டாங்கியிலுள்ளதைக் கேனுக்குள் இறக்கு. மிச்சத்தில் இயந்திரத்தை ஓடவிடு, தானாக அணையட்டும். அத்தோடு நிறுத்தினால் பாதி வேலைதான். காபுரேட்டரின் அடியில் சிறிய கிண்ணம் ஒன்று இருக்கும், அதன் கீழ் ஆணியைத் தளர்த்து. கடைசியாக ஒரு தேக்கரண்டி அளவு சொட்டும். அந்தத் தேக்கரண்டிதான் உன் 160 டொலர். இதையெல்லாம் வெளியே செய், பெற்றோல் இறக்குவதை இயந்திரம் ஆறிய பிறகு செய். கராஜுக்குள் எரிவாயு வோட்டர் ஹீட்டர் இருந்தால் கிட்டவும் போகாதே.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள். முன்னால் சுழலும் அலகை அச்சோடு பிடித்திருப்பது ஷியர் பின் என்ற சிறிய ஆணி. கல்லில் அடிபட்டால் அது முறிந்து கியர் பெட்டியைக் காப்பாற்றும். அலகு துருப்பிடித்து அச்சோடு ஒட்டிவிட்டால், ஷியர் பின் முறிந்தும் பயனில்லை, அடி நேரே கியருக்குப் போகும். பின்களைக் கழற்றி, அலகைக் கையால் சுற்றிக்கொண்டே கிரீஸ் அடி. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே கைவைக்க வேண்டும். ஷியர் பின் தீர்ந்துவிட்டதென்று வீட்டிலிருந்த இரும்பு ஆணியைப் போட்டேன் ஒருமுறை. பனிக்குள் உறைந்து கிடந்த விளம்பரத்தாள் கட்டைக் கடித்தது, கியர் பெட்டி போயிற்று. மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

மார்க்கம் ராதை:
அண்ணா சொல்வதில் எனக்குச் சிறு மாறுபாடு. டாங்கி இரும்பென்றால் வெறுமையாக விட்டால் உட்புறம் துருப்பிடிக்கும். நான் புதிய பெற்றோல் நிரப்பி, பெற்றோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, பத்து நிமிடம் ஓடவிடுகிறேன், அது காபுரேட்டர்வரை போகவேண்டும். ஆறு பனிக்காலமாக ஒரு தொல்லையும் இல்லை. என்ஜின் ஒயிலையும் இப்போதே மாற்றிவிடுங்கள், இலையுதிர்காலத்தில் நினைவிருக்காது. இறக்கிய பெற்றோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், நகராட்சியின் அபாயக் கழிவு நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

ஸ்காபுரோ கிழவன்:
பிளாஸ்டிக் டாங்கியென்றால் என் வழி, இரும்பென்றால் பிள்ளையின் வழி. சண்டை வேண்டாம். வெளியே வைப்பதானால் இரண்டு பலகைமேல் ஏற்று, மண்ணில் நிற்கக்கூடாது. பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றினால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும், காற்றுப் போகிற துணியுறை போடு. எலிக்கு மட்டும் கவனம்.

ஏஜக்ஸ்வாசி:
நன்றி ஐயா, அக்கா. பிளாஸ்டிக் டாங்கிதான். இன்று கிண்ணத்தைத் திறந்தேன், அந்தத் தேக்கரண்டி சொட்டியது. கிரீஸ் அடிக்கும்போது இடதுபக்க அலகு அசையவே மறுத்தது. துருநெகிழ்த்தி ஊற்றி, மரக்கட்டையால் தட்டித் தட்டி ஒரு மணி நேரத்தில் இளக்கினேன். எலியைப் பற்றிச் சொன்னது பிந்திவிட்டது, ஐயா. பெல்ட் மூடியைக் கழற்றினால், மாசியில் தொலைந்த மகளின் சிவப்புக் கையுறை பஞ்சு பஞ்சாகக் கிடக்கிறது.