ஐடோ எபிமரைப் (ஒரே ஒரு கார்பனில் மட்டும் அமைப்பு மாறிய துணை விளைபொருள்) பிரிக்க வழி உண்டா?

வணக்கம். குளுக்கோசிடேஸ் (சர்க்கரைப் பிணைப்பை உடைக்கும் நொதி) தடுப்பான் வேலைக்காக டிஆக்ஸிநோஜிரிமைசின் செய்கிறேன் (மிக்லிடால் என்ற சர்க்கரை நோய் மாத்திரைக்கும் இதுதான் அடிக்கூடு). டெட்ராபென்சில் குளுக்கோஸை சோடியம் போரோஹைட்ரைடால் டையால் (இரண்டு ஆல்கஹால் தொகுதி உள்ளது) ஆக்கி, மைனஸ் 78 டிகிரியில் ஸ்வெர்ன் ஆக்சிஜனேற்றம் செய்து, அந்த இரண்டையும் கார்போனில் ஆக்கினேன். நாற்றத்தைத் தவிர இதுவரை சிக்கலில்லை. கிடைத்த டைகார்போனில் நிலையற்றது என்பதால் சுத்திகரிக்காமல், நைட்ரஜனைச் சேர்த்து வளையத்தை மூட, அப்படியே அமோனியம் ஃபார்மேட், சோடியம் சயனோபோரோஹைட்ரைடுடன் போட்டேன்.

டிஎல்சியில் (மெல்லடுக்கு நிறப்பிரிகை) இரண்டு புள்ளிகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒன்று ஐடோ எபிமராகத்தான் இருக்க வேண்டும். சிலிக்கா ஜெல்லில் மூன்று முறை ஓட்டிவிட்டேன், பிரியவே இல்லை. டிரைஎத்திலமீன் 1 சதவீதம் சேர்த்தும் வால் இழுக்கிறது.

ஹைட்ரோகுளோரைடு உப்பாக்கிப் படிகமாக்கினால் பிரியுமா? இல்லை, பென்சில் காப்புத் தொகுதிகளை எடுத்த அப்புறம் பிரிப்பது மேலா? செய்து பார்த்தவர்கள் கரைப்பான் விகிதத்தோடு சொன்னால் புண்ணியமாகப் போகும். கையில் மீதி 400 மில்லிகிராம்தான்.