கொழுந்துத் தராசு, ஜேஎஃப்எஃப்எஸ்2, காணாமல் போகும் ரேம்

ஹட்டன்:
மடுவத்து (தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை) தராசுப் பெட்டி லினக்ஸில் ஓடுவது; எடைகளை பிளாஷ் நினைவகத்தில் ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற கோப்பு முறைமையில் வைப்பது. அதில் ரேம் தேய்ந்துகொண்டே போனால் உடனே ப்ரோகிராமில் லீக் (எடுத்த ரேமைத் திருப்பித் தராத பிழை) தேட வேண்டாம். கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) ரேமில் தற்காலிகமாக வைத்திருப்பவற்றைக் காலிசெய்யும் ட்ராப்_கேஷஸில் 3 எழுதிப் பாருங்கள். வீஎஃப்எஸ் (எல்லாக் கோப்பு முறைமைக்கும் பொதுவான அடுக்கு) வைத்த ஐநோடுகள், அதாவது கோப்புகளின் விவரப் பதிவுகள், போய்விடும். அதன் பிறகும் ஸ்லாப்இன்ஃபோவில் (கர்னலின் ரேம் பயன்பாட்டுப் பட்டியல்) ரெஃப்பிளாக், ஐநோட்_கேஷ் இரண்டும் அசையாமல் நின்றால் ஆள் ஜேஎஃப்எஃப்எஸ்2தான். பிளாஷில் அது எழுதிய ஒவ்வொரு நோடுக்கும் (ஒரு பதிவு) 32 பிட்டில் 8 பைட் குறிப்பு, ஒவ்வொரு ஐநோடுக்கும் ஒரு கேஷ் உருப்படி. கோப்பை மூடினாலும் இவை இறங்காது. அந்தப் பெயர்களே கண்ணில் படவில்லையா? ஸ்லாப்கள் (கர்னல் பிரித்து வைக்கும் ரேம் தொகுப்புகள்) கலந்திருக்கும், பூட் வரியில் ஸ்லாப்_நோமெர்ஜ் போடுங்கள்.

பதுளை:
அண்ணே, அனேகமாக வினை ஒரு நிறுவைக்கு ஒரு கோப்பு என்ற பழக்கத்தில்தான். கொழுந்து பறிப்போர் 200 பேர், நாளைக்கு 3 நிறுவை, 600 கோப்பு. ஒவ்வொன்றுக்கும் வெற்று ஐநோடு, பெயருக்கு டைரென்ட் (அடைவுப் பதிவு), பிறகு தரவு என்று மூன்று நோடு எழுதப்படும். வெற்று நோடு செல்லாததாகும். மற்ற இரண்டும் உயிரோடு இருப்பதால் செல்லாத நோடுகளை நீக்கும் குப்பை சேகரிப்பு எத்தனை முறை ஓடினாலும் குறையாது. 25 வேலைநாளில் 15,000 ஐநோடு, 30,000 குறிப்பு. குறிப்புகளுக்கே 240 கேபி. பழைய கர்னலில் ஐநோடு ஹாஷுக்கு (ஐநோடைத் தேடும் அட்டவணை) 128 வாளிதான். ஒரு வாளியின் சங்கிலியில் சராசரி 117 ஐநோடு தொங்கும். 40 பைட் எடைப் பதிவுக்கு 68 பைட் தலைப்பு வேறு. கொழுந்தைவிடக் கூடை கனம்!

பண்டாரவளை:
நாளுக்கு ஒரு கோப்பு வைத்து வரி வரியாக ஒட்டுங்கள். 600 வரிக்கு 24,000 பைட். கோப்பின் 4096 பைட் பக்கம் ஒன்றின் கடைசி பைட்டைத் தொடும் எழுத்து, முழு 4096ஐயும் ஒரே நோடாக எழுதி முந்திய துண்டுகளைச் செல்லாததாக்கும். மாலையில் மிஞ்சுவது 5 முழுப் பக்கமும் 88 துண்டும். அந்தத் துண்டுகளை 20,480ஆம் பைட்டிலிருந்து ஒரே எழுத்தாகத் திரும்ப எழுதிவிட்டால் தரவு நோடு மொத்தம் 6. செல்லாதவற்றின் குறிப்பு அந்த எரேஸ் பிளாக் (ஒரே தடவையில் அழிக்கப்படும் பிளாஷ் பகுதி) அழியும்வரை கிடக்கும், அது பரவாயில்லை.

இடி மழையில் கரன்ட் போகுமே என்றால்: நோர் வகை பிளாஷில் வரி உடனே பிளாஷுக்குப் போகும், பாதியில் நின்ற நோடை சிஆர்சி (பிழை காட்டும் சரிபார்ப்பு எண்) பார்த்துத் தள்ளிவிடும். நாண்ட் வகை பிளாஷில் இடையில் ஒரு பஃபர் உண்டு, அதை உடனே எழுதவைக்கும் எஃப்சிங்க் கட்டாயம்.

ஹட்டன்:
ஏற்கெனவே குவிந்த 15,000 கோப்பை ஆர்எம் (கோப்பு நீக்கும் கட்டளை) கொண்டு அழிக்கப் போகாதீர்கள். பெயருக்குப் பெயர் நீக்கல் டைரென்ட் புதிதாக எழுதப்படும். டார் செய்து (ஒரே கோப்பாகக் கட்டி) வெளியே எடுத்து, அன்மவுண்ட் செய்து, ஃபிளாஷ்_இரேஸ் -ஜே கொண்டு பார்ட்டிஷனைத் துடைப்பதே சுருக்கு வழி.