மின்ட் ஜூலெப் கசக்குது, எங்க தப்பு பண்றேன்?

இட்லிப்பானை:
நாங்க அமெரிக்காவுல லூயிவில் வந்து ஒரு வருஷம் ஆச்சு. மே முதல் சனிக்கிழமை டெர்பி குதிரை ரேஸ் பாக்க ஆபீஸ்காரங்க வீட்டுக்கு வர்றாங்க, அதுக்குன்னே குடிக்கற புதினா காக்டெய்ல் ஜூலெப்ப நான் பண்றேன்னு வாய விட்டுட்டேன். நேத்து ட்ரையல் பாத்தேன். ஒரு கைப்பிடி புதினா, சர்க்கரை, கொஞ்சம் தண்ணி, மிக்ஸில ஒரு சுத்து, 60 மில்லி போர்பன் விஸ்கி, நாலு ஐஸ் கட்டி. பச்சையா கலங்கி ஒரே கசப்பு. வீட்டுக்காரர் ஒரு வாய் குடிச்சுட்டு, தேங்கா சேத்திருந்தா இட்லிக்காவது ஆகியிருக்கும்ங்கறார்.

மொட்டமாடி:
மிக்ஸியா!! அக்கா அது துவையல். புதினா வாசனை எண்ணெய் இலையோட மேல்தோல்லயே இருக்கு, கிழிச்சா உள்ள இருக்கற பச்சைக் கசப்பும் சேந்து வந்துரும். டம்ளர் அடியில 8 இலை, சர்க்கரைப் பாகு 15 மில்லி (சர்க்கரையும் தண்ணியும் சரிக்கு சரி), மரக்கரண்டியால நாலு தடவ மெதுவா அமுக்குங்க, இலை முழுசா இருக்கணும், அப்பறம் போர்பன். ஐஸ் கட்டியா போடாதீங்க, துண்டுல சுத்தி பூரிக்கட்டையால நொறுக்கி கோபுரமா குவிக்கணும், கரண்டிய விட்டு டம்ளர் வெளிப்பக்கம் வெள்ளையா பனி பூக்கற வரைக்கும் கலக்குங்க.

பழையசோறு:
கண்ணாடி டம்ளர் வேணாம். பாரம்பரியமா வெள்ளிக் கப்ல குடுப்பாங்க, நமக்கு எவர்சில்வர் போதும், விளிம்பப் புடிச்சுக்கங்க, உள்ளங்கை பட்டா பூத்தது கரைஞ்சுரும். மேல சொருகற புதினாக் கொத்த கைக்குள்ள வச்சு ஒரு தட்டு தட்டிட்டு சொருகுங்க, ஸ்ட்ராவ குட்டையா வெட்டிடுங்க, அப்பதான் குடிக்கறப்ப மூக்கு புதினாக்கிட்ட போகும், பாதி ருசி அதுலதான். ரேஸ் 1875ல இருந்து நடக்குது, ஜூலெப் அதோட அதிகாரப்பூர்வ பானம் ஆனது 1938ல. ஜூலெப்ங்கற பேரே பாரசீகத்து குலாப்ல இருந்து வந்ததுதான், நம்ம குலாப் ஜாமூன்ல இருக்கற அதே ரோஜாப் பன்னீர்!

கடைசிபெஞ்ச்:
கூட்டம்னா ஒவ்வொன்னா அமுக்கிட்டு இருந்தா ரேஸ் முடிஞ்சுரும், அது ரெண்டே நிமிஷம்தான் ஓடும். சூடான பாக அடுப்புல இருந்து இறக்கிட்டு புதினாவப் போட்டு அரை மணி கழிச்சு வடிகட்டி பிரிட்ஜ்ல வைங்க.

மொட்டமாடி:
அதுல புதினா டீ வாசம் வரும், எனக்குப் புடிக்காது. கூட்டத்துக்கு வேற வழியில்லதான்.

இட்லிப்பானை:
பூரிக்கட்டை வைத்தியம் பலிச்சுது!! டம்ளர் பூத்து, கசப்பே இல்ல, வீட்டுக்காரர் ரெண்டாவது கேக்கறார். இப்ப எவர்சில்வர் டம்ளர் 6 இருக்கு, வர்றவங்க 11 பேர். சொம்புல குடுத்தா தப்பா?