தொலைநிலை வகுப்புக்காக முழுச் சிறுகதையை வாசித்துப் பதிவேற்றலாமா? உதவி தேவை

பாளை தமிழாசிரியை:
பாளையங்கோட்டையில் ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தில் முதுகலைத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புக்கு எல்லோராலும் வர முடிவதில்லை. முக்கூடலிலிருந்து படிக்கும் ஒரு பெண் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, சுவரில் சாய்த்து வைத்த போனில் பாடம் கேட்கிறாள். இவளைப் போன்றவர்களுக்காகவே பாடங்களைப் பதிவு செய்து, யாரும் பார்க்கும்படி ஒரு வீடியோ தளத்தில் போட்டு வருகிறேன்.

பாடத்திட்டத்தில் உள்ள இரண்டு கதைகளை முழுவதும் வாசித்து விளக்கினேன். புதுமைப்பித்தன் கதைக்கு ஒரு சிக்கலும் வரவில்லை. இன்று வாழும் எழுத்தாளர் ஒருவரின் கதை மட்டும் பதிப்பகத்தின் புகாரால் நீக்கப்பட்டுவிட்டது. ஆசிரியர் பெயர், பதிப்பகத்தின் பெயர் இரண்டையும் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன். இதில் எனக்கு ஒரு பைசா வருமானம் இல்லை. பாடம் நடத்துகிறவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு என்கிறார்களே, அது எனக்குப் பொருந்தாதா? தேர்வு நெருங்குகிறது, பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வண்ணார்பேட்டை வக்கீல்:
விலக்கு உண்டு, டீச்சர். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பாருங்கள். கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் பிரதி எடுத்தால் அது உரிமை மீறல் ஆகாது. டெல்லிப் பல்கலைக்கழகத்து ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில் இதுதான் பெரிய விவாதம். எத்தனை பக்கம் என்பதல்ல, கற்பித்தலுக்கு அது தேவைப்பட்டதா என்பதே கேள்வி என்று டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2016 டிசம்பரில் சொன்னது. ஆசிரியர்களுக்கு இது பெரிய பலம்.

ஆனால் அந்தப் பிரதிகள் போய்ச் சேர்ந்தது படிக்கும் மாணவர்களின் கைக்கு. உங்கள் வீடியோவை ஊரே பார்க்கலாம். பிரதி எடுப்பது ஓர் உரிமை, பொதுமக்களுக்கு எட்டச் செய்வது வேறோர் உரிமை. சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறது. பெயர் சொன்னது நல்ல பண்பு, ஆனால் அது அனுமதி ஆகிவிடாது. வருமானம் இல்லை என்பது மட்டும் போதாது.

புதுமைப்பித்தன் 1948-இல் மறைந்தார். ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்பது கணக்கு. அவர் உயிருடன் இருந்தபோது அச்சான கதைகளுக்கு 2008-உடன் உரிமை முடிந்துவிட்டது. புதிய பதிப்பில் வேறொருவர் எழுதிய முன்னுரையையும் குறிப்புகளையும் மட்டும் வாசித்துவிடாதீர்கள்.

பாளை தமிழாசிரியை:
அப்படியானால் வாட்ஸ்ஆப் குழுவில் ஒலிப்பதிவாக அனுப்பினால் சரியா?

வண்ணார்பேட்டை வக்கீல்:
பொதுத்தளத்தை விட எவ்வளவோ மேல். இணையவழி வகுப்பு என்று நம் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அமெரிக்கா 2002-இல் தொலைநிலைக் கல்விக்கென்றே டீச் சட்டம் கொண்டுவந்தது, அங்கும் அந்தப் பாடத்தில் சேர்ந்த மாணவருக்கு மட்டும் என்று கட்டுப்பாடு உண்டு. நீங்களும் அதே வழியில் போங்கள். இந்த ஆண்டு சேர்ந்தவர்கள் மட்டும் குழுவில் இருக்கட்டும், பழைய மாணவர்களை நீக்கிவிடுங்கள். வெளியே அனுப்பக் கூடாது என்று எழுதியே வையுங்கள். நீக்கிய வீடியோவை வேறு கணக்கில் மறுபடி ஏற்றுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

அம்பை நூலகர்:
அம்மா, விளக்கத்தைப் பொதுவில் வைக்கத் தடையே இல்லை. உங்கள் சொந்தப் பேச்சு, நடுநடுவே இரண்டு மூன்று வரி மேற்கோள், அவ்வளவுதான். விமர்சனத்துக்காக அளவோடு எடுத்தாள்வதையும் அதே பிரிவு அனுமதிக்கிறது. முழு வாசிப்பை மட்டும் பிரித்துக் குழுவுக்குக் கொடுங்கள். பதிப்பகத்துக்கு ஒரு கடிதமும் எழுதிவிடுங்கள். எழுத்தாளருக்கும் ஒரு நகல் போகட்டும். தம் கதையை இவ்வளவு சிரமப்பட்டுப் படிக்கிறவர்கள் இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

பாளை தமிழாசிரியை:
நன்றி அண்ணாச்சி, நன்றி வக்கீல் சார். இன்றிரவே விளக்கத்தைத் தனியாக வெட்டி ஏற்றுகிறேன். கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

அம்பை நூலகர்:
கதையின் பெயர், எந்தப் பதிப்பு, எந்தத் தாளுக்குப் பாடம், மாணவர் எத்தனை பேர், ஒலிப்பதிவை எந்தத் தேதியில் அழிப்பீர்கள். மையத்தின் முத்திரையோடு அனுப்புங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள், போனில் சரி என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்.