புதுப்பிப்பு: அப்பா விமானத்தில் ஏறிவிட்டார்

பக்கவாதத்தால் இடது கால் தளர்ந்த அப்பாவை, கொழும்புக்கு அருகே உள்ள இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் சிறிய விமானத்தில் எப்படி ஏற்றுவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம்.

முதலில் தருவதாகச் சொன்னது, இறக்கை கீழே இருக்கும் பைப்பர் விமானம். அதற்கு வலது பக்கம் ஒரே கதவு, இறக்கை மேல் ஏறித்தான் நுழைய வேண்டும். அப்பாவால் முடியாது. கேட்டு செஸ்னா 172 என்ற இன்னொரு சிறிய விமானத்துக்கு மாற்றிக்கொண்டோம். அதில் இறக்கை மேலே இருப்பதால் தரையில் நின்றபடியே கதவை நெருங்கலாம்.

ஹட்டனில் வீட்டுக் கட்டிலிலேயே மூன்று நாள் பழகினோம். முதுகு காட்டி உட்காருவது, பிறகு உடம்பைத் திருப்புவது, கடைசியில் கால்கள். விமானத்திலும் அதே முறைதான். என்ஜின் நின்றிருந்தது. விமானி முன் இருக்கையை, அது நகரும் தடத்தில் முழுக்கப் பின்னால் தள்ளினார். அகலமான மரப்படி ஒன்று வைத்தார்கள். அப்பா வலது கையால் இருக்கையின் முதுகைப் பிடித்து உட்கார்ந்தார், தளர்ந்த காலை நான் தூக்கி வைத்தேன். அடியில் விரித்த வழுக்குத் துணியால் சுலபமாகத் திரும்பினார்.

உதவ வந்த ஒருவர் அக்குளில் கைவைத்துத் தூக்கப் பார்த்தார். தடுத்தேன். பக்கவாதத்தால் தளர்ந்த தோள், அப்படித் தூக்கினால் மூட்டிலிருந்து நழுவக்கூடும்.

இருக்கை பூட்டியதா என்று அசைத்துப் பாருங்கள். முன் இருக்கைக்கு எதிரே உள்ள, விமானத்தை இயக்கும் மிதிகளில் (பெடல்) கால்கள் படக் கூடாது. சக்கர நாற்காலியின் எடையை முன்பே சொல்லுங்கள், அதையும் விமானத்தின் எடைக் கணக்கில் சேர்ப்பார்கள்.