பகோடா பாயிண்டிலிருந்து விழுந்தவன் செத்தானா, இல்லையா?

அஸ்தம்பட்டி ஆந்தை:
நேற்று இங்கே ஒரு அண்ணன், "200 அடி உயரத்திலிருந்து விழுந்தால் டைஸ் எதற்கு, ஆள் காலி, கேரக்டர் ஷீட்டைக் கிழித்துப் போடு" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5ஆம் பதிப்பில் விழுகிற ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு டி6, அதாவது ஒரு ஆறு பக்கப் பகடை, சேதம்; உச்சம் 20டி6. சராசரி 70. என் 10ஆம் லெவல் ஃபைட்டருக்கு ஹிட் பாயிண்ட், அதாவது தாங்கும் சேதத்தின் அளவு, 94. மிச்சம் 24. தூசியைத் தட்டிக்கொண்டு நடந்து போவான்.

கொண்டை ஊசி 20:
அந்த அண்ணன் நான்தான் தம்பி. நான் நடத்தும் ஆட்டத்தின் கதையில் வருவது நம் ஏற்காட்டுப் பகோடா பாயிண்ட். அங்கே நின்று ஒரு தடவையாவது கீழே எட்டிப் பார்த்திருக்கிறாயா? தூசி தட்டுவானாம்! அப்படியென்றால் 20 கொண்டை ஊசி வளைவு எதற்கு, எல்லோரும் குதித்தே சேலம் வந்துவிடலாமே.

பகடைக்காரி:
முதலில் ஹிட் பாயிண்ட் என்பது சதையா, அதிர்ஷ்டமா என்று பேசி முடியுங்கள். இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆர்னசன் அதைக் கப்பல் சண்டை விளையாட்டிலிருந்து எடுத்து வந்தார். கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை விழுந்து மூழ்கும், மனிதன் அப்படியா?

அஸ்தம்பட்டி ஆந்தை:
கப்பல் இருக்கட்டும் அக்கா. 94இல் 70 போனால் 24.

கொண்டை ஊசி 20:
சராசரியையே பிடித்துத் தொங்காதே. 20டி6இல் 120 கூட வரலாம், அப்போது?

அஸ்தம்பட்டி ஆந்தை:
வரட்டுமே. 94 போக மீதி 26. அந்த மீதி முழு 94ஐ எட்டினால்தான் உடனடிச் சாவு. இல்லையென்றால் மயக்கம், அப்புறம் டி20, அதாவது இருபது பக்கப் பகடை, உருட்ட வேண்டும். 10க்கு மேல் மூன்று முறை வந்தால் பிழைப்பான், கீழே மூன்று முறை வந்தால் சாவான்.

பகடைக்காரி:
10ம் பிழைப்புதான். 10க்கு மேல் இல்லை, 10 முதல்.

கொண்டை ஊசி 20:
கேட்டீர்களா எல்லோரும்? 120 வந்தாலும் விழுந்த உடனே சாகமாட்டானாம்! இதைத்தான் ஒரு வருடமாகக் கத்துகிறேன். 1977இல் வந்த டிராவலர் என்ற இதே மாதிரி விளையாட்டில் கேரக்டரை உருவாக்கும்போதே செத்துப்போகலாம், ஆட்டம் தொடங்கும் முன்பே, அதை ஆடி வளர்ந்தவன் நான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒருத்தன் விழுந்தால் பூசாரி ஒரு மந்திரம் சொல்வார், எழுந்துவிடுவான், மறுபடி விழுவான், மறுபடி மந்திரம், தஞ்சாவூர் பொம்மை மாதிரி. ஒன்று சொல்கிறேன், அந்த மந்திரம் 60 அடிதான் எட்டும். பூசாரி மேலே நிற்கிறார், நீ 200 அடி கீழே கிடக்கிறாய். போ, டி20 உருட்டு.

அஸ்தம்பட்டி ஆந்தை:
உருட்டவே வேண்டாம், 24 மிச்சம் இருக்கிறதே!

செவ்வாய்ப்பேட்டை சிங்கம்:
இது மலைச் சண்டையே இல்லை. அவன் டீ வாங்கப் போன நேரத்தில் அண்ணன் அவனுடைய வில்லாளியைக் கொன்றுவிட்டார், அந்தக் கடுப்பு.

அஸ்தம்பட்டி ஆந்தை:
டீ இல்லை, தட்டுவடை செட். எட்டு செட், எல்லோருக்கும் என் காசில். திரும்பி வந்தால் ஷீட்டில் ஹிட் பாயிண்ட் கட்டத்தின் மேல் காரச் சட்னி வழிந்திருக்கிறது, அதற்குக் கீழே பென்சிலில் "இறந்தாள்". என் டைஸைக்கூட யாரும் தொடவில்லை. அந்தக் காசும் இன்னும் வரவில்லை.

கொண்டை ஊசி 20:
நான் தின்றது ஒரு செட். அதிலும் பீட்ரூட் துருவலே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை சிங்கம்:
நான் அன்றைக்கு வரவே இல்லை, என்னிடம் கேட்காதே.

பகடைக்காரி:
சதையா, அதிர்ஷ்டமா? யாராவது?

அஸ்தம்பட்டி ஆந்தை:
94இல் 70 போனால் 24.

கொண்டை ஊசி 20:
ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஓரமாக நிற்காதே தம்பி.